பிஸ்னஸ் அனலிசிஸ் படித்து நாலு வருடம்: 'ரிட்டர்ன்' சொல்லித்தந்த பாடம்

2021இல், கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, கொழும்பிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் ஆறு மாத பிஸ்னஸ் அனலிசிஸ் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு நிறுவனத்துக்கு என்ன தேவை என்று ஆட்களிடம் கேட்டறிந்து, மென்பொருள் செய்பவர்களுக்குப் புரியும்படி எழுதிக்கொடுக்கும் வேலை அது. சனிக்கிழமை காலைகளில் சூமில் நடந்தது. கட்டணம் என் அன்றைய ஒன்றரை மாதச் சம்பளம். அதுவரை ஒரு விநியோகக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளவத்தையில் அறை, 100ஆம் இலக்க பஸ், நாள் முழுக்க எக்செல். முடித்த கையோடு அதே கம்பனியில் பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலைக்கு மாற்றினார்கள். "படிச்சால் பிரயோசனமா அண்ணா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பிரயோசனம்தான், ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

வகுப்பு முழுக்க, இந்தத் துறையின் அடிப்படை நூலான பேபொக் கையேட்டின் மூன்றாம் பதிப்பைச் சுற்றியே ஓடியது. 2015இல் வந்த அந்தப் பதிப்பில் 50 உத்திகள். பெயர்களை எல்லாம் பாடமாக்கினோம். இன்று நான் கையில் எடுப்பவை ஏழெட்டுத்தான். முன்னுரிமைப்படுத்தல் அதிலொன்று. அதற்கு நான் எடுப்பது மொஸ்கோ முறை: கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று தேவைகளை நாலாகப் பிரிப்பது. எங்கள் முகாமையாளர்களிடம் பட்டியலை நீட்டினால் எல்லாமே கட்டாயம்தான். அதனால் இப்போது கடைசியிலிருந்து தொடங்குகிறேன்: "புதுவருடம் வரைக்கும் எது இல்லாமல் சமாளிக்கலாம்?" இப்படிக் கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்குகிறது.

வகுப்பில் பத்து நிமிடத்தில் தாண்டிப்போன ஒன்று சொற்பட்டியல்: எந்தச் சொல்லை யார் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று எழுதிவைப்பது. 50 உத்திகளில் அதுவும் ஒன்று. எனக்குச் சோறு போடுவது அதுதான்.

முதல் வேலை, பேலியகொடைப் பக்கமிருந்த களஞ்சியத்துக்குப் புதிய மென்பொருள். களஞ்சியப் பொறுப்பாளர் தமிழர், அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் சிங்களத்தில் பேசுவார்கள், விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டையும் கலப்பார்கள், கணக்காளர் ஆங்கிலம். நான் எழுதவேண்டிய ஆவணமும் ஆங்கிலத்தில். களஞ்சியம், விற்பனை, கணக்கு என்று மூன்று பக்கமும் "ரிட்டர்ன் ரிப்போர்ட் வேணும்" என்றார்கள். மூன்று பேர் ஒரே குரலில் கேட்கிறார்களே என்று மகிழ்ந்து ஒரே தேவையாக எழுதிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அறிக்கையைத் திரையில் காட்டியபோது பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, இது கடையள்ல இருந்து வந்த சாமான். நான் ரிட்டர்ன் எண்டு சொன்னது, உடைஞ்சதை சப்ளையருக்குத் திருப்பி அனுப்புறதை."

கணக்காளர் கேட்டதோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போகும் வற் (பெறுமதி சேர் வரி) ரிட்டர்னுக்கான தரவு. சொல் ஒன்று, வேலை மூன்று. திருத்த ஐந்து வாரம் போயிற்று. பழி என் மேல்தான் விழுந்தது, நியாயமாகத்தான்.

அதன்பிறகு கேள்விகளைக் குறைத்துப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினேன். கையேட்டில் இதற்கு 'அவதானித்தல்' என்று பெயர். ஒரு காலை முழுக்கக் களஞ்சிய வாசலில் ஒரு ஸ்டூலில் இருந்தால், இரண்டு மணிநேரக் கூட்டத்தில் வராதது வரும்: மென்பொருளில் பதியாமல் கொப்பியில் எழுதும் கணக்கு, சிவப்புப் பேனா எதற்கு, லொறி வருமுன் யாருக்கு அழைப்பு போகிறது.

இன்னொரு பொறி "ஹரி". சிங்கள நண்பர்கள் விளக்கத்தைக் கேட்டு "ஹரி, ஹரி" என்று தலையாட்டினால் சம்மதம் என்று குறித்துக்கொள்வேன். பல நேரம் அது 'கேட்டேன்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நம்முடைய 'சரி சரி'யும் அப்படித்தானே. இப்போது ஒப்புதல் வாங்குமுன், கேட்டவரையே அவருடைய மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.

தேவையைச் சேகரிப்பதைவிட அதைப் பராமரிப்பதுதான் நீண்ட வேலை. எங்கள் முதல் ஆவணத்தில் வற் 8 வீதம் என்று எண்ணாகவே எழுதியிருந்தேன். 2022 ஜூனில் அது 12 ஆனது, செப்டெம்பரில் 15. ஒவ்வொரு முறையும் புரோகிராமரைக் கெஞ்சவேண்டியிருந்தது. பிறகுதான் 'நடைமுறைக்கு வரும் திகதியோடு வீதத்தைக் கணக்குப் பிரிவே மாற்றிக்கொள்ள வேண்டும்' என்று எழுதினேன். 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனபோது என் தொலைபேசி அடிக்கவில்லை. எந்தத் தேவை எந்தத் திரையைத் தொடுகிறது என்ற தொடர்புப் பட்டியலை எக்செலிலேயே வைத்திருக்கிறேன். அழகில்லை, ஆனால் இது மாறினால் எங்கெங்கே இடிக்கும் என்று ஒரு நிமிடத்தில் சொல்ல முடிகிறது.

சான்றிதழ் பற்றியும் கேட்பார்கள். இந்தத் துறையின் சர்வதேச அமைப்பான ஐஐபிஏ நடத்தும் தொடக்கநிலைப் பரீட்சையான ஈசிபிஏக்கு வேலை அனுபவம் தேவையில்லை, மேல்நிலையான சிபிஏபிக்கு 7,500 மணிநேர வேலை அனுபவம் காட்டவேண்டும். நான் முதலாவதை மட்டும் எடுத்தேன். நேர்முகத்துக்கு அழைப்பு வர உதவுகிறது, களஞ்சியத்தில் யாரும் கேட்டதில்லை. கணக்கு, களஞ்சியம், வங்கி என்று ஏதாவதொரு வேலையை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் படிப்பு சட்டென்று ஒட்டும். பாடசாலை முடித்ததும் நேரே வருபவர்கள் ஒரு வருடமாவது எங்காவது வேலை செய்துவிட்டு வரலாம்.

என் சொற்பட்டியலில் இப்போது இருநூறுக்கு மேல் சொற்கள், மூன்று மொழியிலும். போன கிழமை சேர்த்தது 'பெலன்ஸ்'. களஞ்சியத்தில் அது மிச்சச் சரக்கு, கணக்கில் கடைக்காரர் தரவேண்டிய பணம், பிரதிநிதிக்கு இந்த மாத இலக்கில் எட்டாமல் நிற்கும் தொகை. பஸ் கண்டக்டர் தராமல் விடும் பெலன்ஸை இன்னும் சேர்க்கவில்லை.