படகில் குடித்தனம், கரையில் பைக்: உப்பு படுத்தும் பாடு

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி புதிது, ஃபியூஸும் சரியாக இருந்தது. மெக்கானிக் சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த வயரிங் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே எல்லாம் பச்சை பூத்து, ஒரு பின் கையோடு உடைந்தே வந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் ஓய்வு பெறப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார்: "உன்னை மாதிரியே படகில் குடியேறி, பைக்கில் சுற்றலாம் என்று பார்க்கிறேன். எப்படி இருக்கிறது?"

படகின் நீளம், பைக்கின் சிசி எல்லாம் அவரே விசாரித்து வைத்திருக்கிறார். வயதைப் பற்றித்தான் தயங்கினார். அது வேண்டாத தயக்கம். 2022-ல் ஜப்பானின் கெனிச்சி ஹோரியே 83 வயதில் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் பசிபிக்கைக் கடந்தார். வயதைச் சமாளித்துவிடலாம். உப்போடுதான் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கடல் உப்பு என்பது வெறும் சமையல் உப்பு இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்ட வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் கடல்நீர் பட்ட சட்டை எவ்வளவு வெயிலில் காய்ந்தாலும் சாயங்காலம் மறுபடி நசநசக்கும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் அது போகும். படகில் நல்ல தண்ணீரோ தொட்டியில் இருப்பதுதான். குடிப்பதற்கா, அலசுவதற்கா என்று யோசிக்க வேண்டும். பைக் ஓட்டும்போது போடுகிற ஜாக்கெட்டைக் கேபினில் தொங்கவிட்டால் பூசணம் பிடிக்கிறது. ஜிப் வெள்ளைப் பொடி கட்டி இறுகிவிடுகிறது.

பைக்குக்கு இதெல்லாம் பெரிய கொடுமை. ஓ-ரிங் செயின்தான், இணைப்புகளில் ரப்பர் வளையம் இருப்பதால் உள்ளே இருக்கிற கிரீஸ் பத்திரமாக இருக்கும். ஆனால் வெளித்தகடு படகுத்துறையில் நின்றே துருப்பிடிக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மோசம். காற்றுப் போகிற கவர் வேண்டும். பிரஷர் வாட்டர் அடிக்கவே கூடாது, உப்பைக் கனெக்டருக்குள் தள்ளிவிடும். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, துடைத்து, செயினுக்கு மசகு எண்ணெய் போட வேண்டும். கனெக்டர்களுக்கு ஈரம் புகாமல் காக்கிற, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ். புதிதாக வாங்குகிறவர் செயினுக்குப் பதில் மூடிய தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் டிரைவ் பைக்கை வாங்கினால் பாதித் தலைவலி போய்விடும்.

பைக்கில் துரு கண்ணுக்காவது தெரியும். படகில் அது ஒளிந்துகொண்டு வேலை செய்கிறது, எனக்குக் கோபமே அங்கேதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பிடித்திருக்கிற செயின்பிளேட், மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், காற்றுப் போகாது. மேலே பளபளவென்று இருக்கும் தகடு அந்த இடுக்கில் பாதி அரிக்கப்பட்டிருக்கும். நல்ல காற்றில் அது முறிந்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். கழற்றிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை, கழற்றுவதோ சாமான்ய வேலை இல்லை. தண்ணீருக்கடியில் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே பொருத்துகிற துத்தநாகக் கட்டியான ஆனோடு இதைவிட எவ்வளவோ நேர்மை: இன்ஜினுக்கும் புரொப்பல்லருக்கும் பதிலாகத் தான் கரைகிறது, பாதி கரைந்ததும் மாற்றினால் போதும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயை மட்டும் நம்பி 5 நாட் வேகத்தில் போவது என்பது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்தான். பைக்கில் ஆறு நிமிடத்தில் போகிற தூரத்துக்குப் படகில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் படகின் அடியில் தண்ணீர் உரசுகிற சத்தம் ஒன்றுதான் கேட்கும். வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. அப்புறம், காற்று ஒத்துவராத மாதங்களில் பைக்கை எடுத்துக்கொண்டு மலை ஏறினால், இரண்டாம் நாளே ஜாக்கெட் மொடமொடவென்று காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த துணியைப் போட்டுக்கொள்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று கரையில் குடியிருந்தவரை தெரியாது.

கணக்குப் பார்த்தால் பைக் மட்டும் போதும். கேட்கிற வேலையும் குறைவு, செலவும் குறைவு, பழுதானால் எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் கிடைப்பார். படகு நேரம், காசு, முதுகு மூன்றையும் தின்கிறது. இதையெல்லாம் நண்பரிடம் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் "அப்போ என்னதான் செய்ய?" என்று கேட்டார். படகை வாங்கு என்றேன். விற்கிறவரிடம் ஒரு செயின்பிளேட்டையாவது கழற்றிக் காட்டச் சொல், மறுத்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.