சாமான் ஏற்ற மூன்று சக்கர மிதிவண்டி: கிட்டத்துக்குச் சரி, தூரத்துக்கு வேண்டாம்

மினி லாரி நுழைய முடியாத சந்து, ஒரு பீரோ, ஒரு கட்டில், கொஞ்சம் அட்டைப்பெட்டிகள். இந்த மாதிரி வேலைக்கு ஆள் மிதிக்கிற மூன்று சக்கர வண்டியை அடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஆனால் கூப்பிடுகிறவர்கள் பலரும் "வண்டிக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாமானை ஏற்றச் சொல்லிவிடுகிறார்கள், தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வண்டிக்கூலி மொத்தச் செலவில் ஒரு பங்குதான். ஏற்றுகூலி தனி, இறக்குகூலி தனி, மாடி என்றால் அதற்கு மேல் தனி. இரண்டு தெரு தள்ளிப் போனாலும் சரி, இரண்டு கிலோமீட்டர் போனாலும் சரி, பீரோவைத் தூக்கி இறக்கும் பாடு ஒன்றுதான், அதனால் தூரம் குறைவாக இருந்தால் செலவில் பெரும்பகுதி சுமை தூக்குவதற்கே போய்விடும். நான் அமர்த்திய வண்டிக்காரர் இதையெல்லாம் முதலிலேயே பிரித்துச் சொன்னார், அந்த விதத்தில் எனக்குத் திருப்தி. காத்திருந்த நேரத்துக்கான கூலியை மட்டும் முதலில் சொல்லாமல் எல்லாம் முடிந்த பிறகு கேட்டார். அது பிடிக்கவில்லை.

மேட்டுப் பாதைக்குக் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வண்டி, சாமான், ஆள் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சமதளச் சாலையில், டயரில் காற்றும் சரியாக இருந்து பேரிங்கும் இறுகாமல் இருந்தால், பாரத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு விசை போதும், அதாவது 3 முதல் 6 கிலோ. 100 அடிக்கு 5 அடி ஏறும் மேடு வந்துவிட்டால் அதோடு இன்னும் 15 கிலோ சேர்கிறது, மொத்தத்தில் மூன்றரை முதல் ஆறு மடங்கு உழைப்பு! அதனால் பேரம் பேசும் முன் டயரை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பலகை பின்னால் உள்ள வண்டியானால் கனமான சாமானைப் பின் அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ வைக்கச் சொல்லுங்கள், பின்னால் தள்ளி வைத்தால் முன்சக்கரம் தூக்கிவிடும்.

தூரம் கூடினால் இந்த லாபமெல்லாம் போய்விடும். காலியாகத் திரும்பும் நடைக்கும் நாம்தானே கொடுக்க வேண்டும்? அப்புறம், வண்டிப்பாரம் செலவு பிடிக்கிற சமாச்சாரம் என்பது இன்று நேற்றுக் கதை இல்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301-இல் போட்ட விலை உச்சவரம்பு ஆணையில், 1,200 ராத்தல் வண்டிச்சுமைக்கு மைலுக்கு 20 தெனாரியஸ் (அந்தக் கால ரோம நாணயம்), 600 ராத்தல் ஒட்டகச்சுமைக்கு 8. கூட்டிப் பார்த்தால் இரண்டு ஒட்டகம் ஒரு வண்டியைவிட மலிவு.

கட்டில், மூட்டை, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் தைரியமாக அனுப்பலாம், கயிறும் தார்ப்பாயும் உங்களுடையதாக இருக்கட்டும். கண்ணாடி அலமாரி, டிவி இரண்டையும் நான் இதில் ஏற்ற மாட்டேன். நான் எடுத்த வண்டியில் ஸ்பிரிங்கே கிடையாது, குழிக்குக் குழி அதிர்ச்சி அப்படியே சாமானில்தான் இறங்குகிறது.