பூட் லோடருக்குள் ஒரு மொழி: ஃபோர்த், லுவா, ஷெல், அல்லது ஒன்றுமே வேண்டாம்

மின்சாரம் வந்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தேடி எடுத்து, நினைவகத்தில் வைத்து ஓடவிடுவதுதான் பூட் லோடரின் வேலை. இந்தச் சின்ன வேலைக்குள் ஒரு நிரல்மொழியின் இன்டர்பிரெட்டரை, அதாவது அந்த மொழியில் எழுதியதை வரிவரியாகப் படித்து ஓடவைக்கும் நிரலை, முழுசாகக் கொண்டுபோய் வைப்பது சரியா என்று ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிற தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். பெரும்பாலும் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்காகத்தான். குளத்து நீர்மட்டம் அளக்கும் பெட்டி, சம்மாந்துறையில் அரிசி ஆலைத் தராசோடு இணைத்த சிறு கணினி, பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வாங்கிய ரீகண்டிஷன் கணினிகள் என்று தேவை ஆளுக்கு ஆள் மாறும்.

நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். புதிதாகப் போட்ட கெர்னல் ஏறவில்லை என்றால், யாரும் கை வைக்காமல் பழையதற்குத் திரும்புமா? வாகரையில் வைத்த பெட்டி எழும்பாமல் கிடந்தால், மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஒருவர் போய் வர அரை நாள் போய்விடும். மாரி காலத்தில் வெள்ளம் வீதியை மூடினால் போகவே முடியாது. பெரும்போகம் தொடங்கி நீர்மட்டக் கணக்கு மிகவும் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான். அதனால் பூட் லோடர் முடிவெடுக்கத் தெரிந்ததாக இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு ஒரு மொழி தேவையா என்பதில்தான் சந்தேகம்.

வயதில் மூத்த ஃபோர்த்திலிருந்து தொடங்குவோம். சன் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணினியின் ஃபர்ம்வெயாருக்குள்ளேயே (பலகையிலேயே பதித்து வரும் நிரல்) ஒரு ஃபோர்த் இன்டர்பிரெட்டர் இருந்தது. சன் பொறியியலாளர் மிட்ச் பிராட்லி முன்னின்று செய்த அந்த வேலை 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரநிலையானது. ஓப்பன் ஃபர்ம்வெயார் என்று பெயர். பவர்பிசி மக்கின்டொஷ்களிலும் பிறகு சிறுவர்களுக்கான எக்ஸ்ஓ மடிகணினியிலும் அது இருந்தது. அன்றைக்கு ஃபோர்த்தைத் தெரிந்தெடுக்க நல்ல காரணம் உண்டு. ஒரு விரிவாக்க அட்டையின் ரொம்முக்குள் எஃப்கோட் என்ற பைட்கோடாக (செயலியைச் சாராத இடைநிலைக் குறியாக) டிரைவரை எழுதிவிட்டால், ஓப்பன் ஃபர்ம்வெயார் உள்ள கணினியில் எந்தச் செயலி இருந்தாலும் அது வேலை செய்யும். இன்டர்பிரெட்டரை பூட் கட்டத்துக்குள் வைப்பதற்கு இதைவிட வலுவான நியாயத்தை நான் பார்க்கவில்லை. இன்று ஏஆர்எம் பலகைகளில் பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று சொல்ல நாம் எழுதும் டிவைஸ் ட்ரீயும் அந்த மரபில் வந்ததுதான்.

ஃபோர்த் மிகச் சின்னது. ஸ்டாக்கில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நினைவகத்தில்) இலக்கங்களை வைத்துவிட்டுக் கடைசியில் செயலைச் சொல்வது அதன் வழக்கம்: 2 3 + . என்று தட்டினால் 5 வரும். இரண்டையும் மூன்றையும் கூட்டு என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிற நமக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகத் தெரியாது. ஆனால் நூறு வரி தாண்டியதும் ஸ்டாக்கில் இப்போது என்ன கிடக்கிறது என்பதைத் தலைக்குள் வைத்திருக்கவேண்டி வரும். எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்து அது கடினம். அடுத்து வருகிறவருக்கு இன்னும் கடினம்.

ஃப்ரீ-பிஎஸ்டி என்ற இயங்குதளம் பட்ட பாடு அதுதான். ஃபிக்கல் என்ற ஃபோர்த் இன்டர்பிரெட்டரைத் தொண்ணூறுகளின் இறுதியில் தன் லோடருக்குள் வைத்தது. மெனு, லோடர்.கொன்ஃப் கோப்பைப் படிப்பது, எந்தக் கெர்னல் என்று தீர்மானிப்பது எல்லாம் ஃபோர்த்தில் எழுதப்பட்டன. நன்றாகவே ஓடியது. ஆனால் அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் வர வரக் குறைந்தார்கள். 2014-இல் ஒரு கோடைகாலக் கூகுள் மாணவர் செயற்திட்டமாக நடந்த லுவா வேலையைப் பின்னர் வோர்னர் லாஷ், கைல் எவன்ஸ் போன்றவர்கள் எடுத்து முடித்தார்கள். 2018 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பில் லுவாவே இயல்புத் தெரிவாகிவிட்டது. லோடரின் சி நிரல் பெரும்பாலும் பழையபடியே இருக்க, அதற்குமேல் இருந்த மொழி மட்டும் மாறியது. இரண்டு மொழிகளை ஒரே வேலையில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

லுவா 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வேறொரு நிரலுக்குள் பொருத்துவதற்கென்றே செய்த மொழி என்பதால் சி-யோடு இலகுவாக ஒட்டும். ஃப்ரீ-பிஎஸ்டி லோடரில் மிதவைப்புள்ளி (தசம) எண்கள் கிடையாது. லுவாவின் எண் வகையை முழு எண்ணாகவே அமைத்துவிட்டார்கள். பூட் மெனுவுக்குத் தசமம் எதற்கு? பைதனோ ஜாவாஸ்கிரிப்டோ தெரிந்த ஒரு மாணவர் லோடரின் லுவா கோப்புகளைத் திறந்து வாசித்தால் அன்றைக்கே விளங்கிக்கொள்வார். இதை நான் பெரிய விடயமாகவே பார்க்கிறேன். எங்கள் பக்கம் ஒரு கருவியைச் செய்தவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார், பெட்டி இங்கேயே இருக்கும். அதைத் தொடர்ந்து பராமரிப்பவருக்கு வாசிக்க முடியாத மொழி எவ்வளவு சின்னதாக இருந்தும் பயனில்லை.

லுவாவுக்கு இன்னொரு பலமும் உண்டு. ஃப்ரீ-பிஎஸ்டியில் அதே லோடரைப் பயனர் நிரலாக, ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள்ளேயே ஏற்றிப் பார்க்கலாம். பீஹைவ் என்ற ஃப்ரீ-பிஎஸ்டி கருவியில் மெய்நிகர் இயந்திரங்களைத் தொடக்க இதுவும் ஒரு வழி. ஸ்கிரிப்டை மாற்றிவிட்டு ரீபூட் பண்ணிப் பண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

குறை? இடம். பயோஸ் என்ற பழைய ஃபர்ம்வெயார் வழியாக ஏறும் கணினியில் லோடர் 640 கிலோபைட் பழைய எல்லைக்குள் அடங்கவேண்டும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, மெனு, லுவா எல்லாம் ஒன்றாக வந்தால் நெருக்கடிதான். பயோஸுக்குப் பின்வந்த யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்தக் கவலை இல்லை.

திரும்பும் கேள்விக்கு வருவோம். ஃப்ரீ-பிஎஸ்டியில் நெக்ஸ்ட்பூட் என்ற ஏற்பாடு உண்டு: அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் புதிய கெர்னல். லோடர் அந்தக் கோப்பைப் படித்ததும் அதில் உள்ள யெஸ் என்பதை நோ என்று மாற்றி எழுதிவிடும். நோ-வுக்குப் பின்னால் ஒரு இடைவெளியும் சேர்த்து எழுதும். கோப்பின் நீளம் மாறக்கூடாது அல்லவா. லோடருக்குள் முழுமையான கோப்பு முறைமை கிடையாது, இருக்கும் பைட்டுகளின் மேல்தான் எழுத முடியும். மொழி எவ்வளவு வளமாக இருந்தாலும் அதன் கைகள் இந்த அளவுக்குத்தான் நீளும் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது லினக்ஸ்காரர் எல்லோருக்கும் பழக்கமான கிரப். பொருத்திய மொழி எதுவும் இல்லாமல், ஷெல் போன்ற ஒரு மொழியைத் தானே செய்துகொண்டது. இஃப் உண்டு, ஃபோர் உண்டு, ஃபங்ஷனும் உண்டு. ஆனால் எண்கணிதம் இல்லை! மூன்று தடவை முயன்று பார் என்று சொல்ல, மூன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க அந்த மொழிக்குத் தெரியாது. மூன்றா என்றால் இரண்டு, இரண்டா என்றால் ஒன்று என்று வரிசையாக எழுதவேண்டும். நிலையைச் சேமிக்க 1024 பைட் கொண்ட ஒரு சூழல் கோப்பு இருக்கிறது. பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் எல்விஎம், ரெய்டு போன்றவற்றின் மேல் அது இருந்தால் எழுதவும் முடியாது. கிரப்பின் ஸ்கிரிப்டான கிரப்.சிஎஃப்ஜியும் நாம் கையால் எழுதும் கோப்பு அல்ல. அதன் தொடக்கமே திருத்தாதே என்கிறது, ஏனென்றால் வேறொரு ஷெல் ஸ்கிரிப்ட் கூட்டம் அதை உண்டாக்குகிறது. ஒரு மொழியை இன்னொரு மொழி எழுதும் இந்த ஏற்பாட்டை நான் எவ்வளவு முயன்றும் விரும்ப முடியவில்லை.

பாதுகாப்பு பற்றிப் பேசவும் இதுவே இடம். 2020 ஜூலையில் எக்லிப்சியம் ஆய்வாளர்கள் பூட்ஹோல் என்ற ஓட்டையை வெளிப்படுத்தினார்கள், எண் சிவிஇ-2020-10713. கிரப்.சிஎஃப்ஜியை வாசிக்கும் பகுதியில்தான் பிரச்சினை. எழுத்தைச் சொற்களாகப் பிரிக்கும் நிரலைத் தானாக எழுதித் தரும் பிளெக்ஸ் கருவி உண்டாக்கிய நிரல், மிக நீளமான சொல் வந்தால் 'இது மரணப் பிழை' என்று ஒரு செயலை அழைக்கும். அழைத்தால் திரும்பி வராது என்பது அதன் நம்பிக்கை. கிரப்பில் இருந்த வடிவமோ பிழைச் செய்தியை அச்சிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அதன் பிறகு நினைவகம் நிரம்பி வழிந்தது. லோடர் கையொப்பமிடப்பட்டது, கோப்பு கையொப்பமிடப்படாதது. நிர்வாகி உரிமை கிடைத்த ஒருவர் அந்தக் கோப்பை மாற்றினால், கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட் முழுவதும் பயனற்றுப் போகும் நிலை இருந்தது. பழைய லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் பெரிய வேலை உலகம் முழுக்க நடந்தது. ஒரு சின்ன மொழியின் பார்சரும் (எழுத்தைப் படித்துப் பிரிக்கும் பகுதி) இன்டர்பிரெட்டரின் பகுதிதான், அதற்கும் அதே ஆபத்து உண்டு. சொந்தமாகச் செய்தால் குறைவான கண்களே அதைப் பார்த்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, மொழி வேண்டுமென்று முடிவெடுத்தவர் புதிதாக ஒன்றைச் செய்யாமல் லுவா போன்ற ஒன்றை எடுக்கவேண்டும் என்பேன். ஸ்கிரிப்டையும் கையொப்பத்துக்குள் கொண்டுவரவேண்டும். ஃப்ரீ-பிஎஸ்டியில் லோடர் படிக்கும் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஜூனிப்பர் பொறியியலாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். இயல்பாக அது இயங்காது, நாமாக இயக்கவேண்டும்.

பலகைக் கணினிகளில் ஆட்சி செய்வது யூ-பூட் என்ற பூட் லோடர். அதற்குள், பிஸிபொக்ஸ் என்ற சிறு லினக்ஸ் கருவித் தொகுப்பிலிருந்து வந்த ஹஷ் ஷெல் இருக்கிறது. "அண்ணா, இதற்குள் லுவாவை நாங்களே ஏற்றிவிடவா?" என்று ஒரு தம்பி ஆசையோடு கேட்டார். ஏற்றலாம்தான் தம்பி, ஆனால் யூ-பூட்டின் மூலத்தில் லுவா இல்லை. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் உங்கள் ஒட்டுவேலையை நீங்களே சுமக்கவேண்டும். அதைவிட, நீங்கள் லுவாவில் எழுத நினைத்தது ஏற்கனவே சி-யில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பூட்கவுண்ட் என்ற மாறி ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும். பூட்லிமிட்டைத் தாண்டினால் வழக்கமான பூட்கமாண்டுக்குப் பதிலாக ஆல்ட்பூட்கமாண்ட் ஓடும். லினக்ஸ் நல்லபடியாக ஏறியதும் எண்ணைப் பூச்சியமாக்குவது நம் பொறுப்பு. அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு விடயங்களை விட்டுவிட்டால் அதுவும் உதவாது. ஒன்று, வொட்ச்டொக்: கணினி உறைந்தால் தானாக ரீசெட் பண்ணும் கடிகாரம். கெர்னல் பாதியில் உறைந்து நின்றால் எதுவாவது ரீசெட் பண்ணாவிட்டால் எண் கூடாமலே கிடக்கும். மற்றது, எண்ணை எங்கே எழுதுகிறோம் என்பது. பிளாஷில் சூழல் மாறியாக எழுதும்போது கரண்ட் போனால், யூ-பூட் தன் அமைப்புகளை வைத்திருக்கும் முழுச் சூழலும் பாழாகலாம். அதற்காகவே இரண்டு பிரதிகளாக, ஒவ்வொன்றுக்கும் சிஆர்சி என்ற பிழை காட்டும் எண்ணின் சரிபார்ப்போடு வைக்கும் தெரிவு இருக்கிறது. மின்வெட்டு சாதாரணமான ஊரில் இதை இயக்காமல் பெட்டியை வெளியே அனுப்பவேண்டாம். அப்கிரேட்-அவைலபிள் மாறி இயங்கும்போது மட்டும் எண்ணை எழுதும்படி வைத்திருப்பதால் பிளாஷும் வீணாகத் தேயாது.

சீரியல் கேபிளைப் பொருத்தி ஒரு விசையைத் தட்டினால் யூ-பூட் முழுவதும் கைக்குள் வந்துவிடும். பழுதுபார்க்க இது வரம், பெட்டி வீதியோரம் இருந்தால் ஆபத்து.

மொழியே இல்லாத பக்கமும் ஒன்று உண்டு. என் மனம் அங்கேதான் அதிகம் சாய்கிறது. சிஸ்டம்டி-பூட் என்ற பூட் லோடர் ஒரு ஸ்கிரிப்ட் வரியைக்கூடப் படிக்காது. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, அவ்வளவே. எண்ணிக்கையைக் கோப்பின் பெயரிலேயே வைக்கிறது: பெயரின் முடிவில் +3 என்று இருந்தால் மூன்று முயற்சி மீதம். ஏறும் முன் அதை +2-1 என்று பெயர் மாற்றும், அதாவது இரண்டு மீதம், ஒன்று கழிந்தது. பூச்சியமானால் அந்தக் கெர்னல் கெட்டதெனப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படும். நல்லபடியாக ஏறினால் ஒட்டு நீக்கப்படும். மொழிக்கான பார்சர் இல்லை, இன்டர்பிரெட்டர் இல்லை, ஓட்டைக்கு இடமும் குறைவு. கோப்புகளின் பட்டியலைப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். ராஸ்ப்பெரி பையிலும் இதே போக்குத்தான்: ட்ரைபூட் கொடி ஒரு தடவைக்கு மட்டும் புதிய பகுதியைத் தொடக்கும், தோற்று ரீசெட் ஆனால் பழையதே வரும்.

சிஸ்டம்டி-பூட்டுக்கு யூஇஎஃப்ஐ கட்டாயம். கல்முனைக் கடைகளில் வாங்கும் பழைய ரீகண்டிஷன் கணினி சிலதில் பயோஸ் மட்டுமே இருக்கும். அங்கே பெரும்பாலும் கிரப்தான் வழி. ஆய்வுகூடத்தில் பக்கத்திலேயே ஆள் இருப்பதால் கிரப்பின் குறை பெரிதாகத் தெரியவும் தெரியாது. ஒரு விரலால் பழைய கெர்னலைத் தெரிந்தெடுத்தால் போதும்.

பைதனைப் பற்றியும் கேட்பார்கள். இன்டெல்லின் பிட்ஸ் செயற்திட்டம் கிரப்புக்குள் சி-பைதன் 2.7-ஐ ஓடவைத்தது, ஜோஷ் டிரிப்லெட் 2015 பைக்கொன்னில் அதை விளக்கினார். பயோஸையும், வன்பொருள் விவரத்தை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணைகளையும் சோதிப்பதற்கு அருமையான கருவி. குளத்தோரப் பெட்டியைத் தொடக்குவதற்கு அது வேண்டாம்.

ஆக, வாகரைப் பெட்டி ஏஆர்எம் பலகை என்றால் யூ-பூட்டின் எண்ணும் வசதி, இரட்டைச் சூழல், வொட்ச்டொக் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள், ஹஷ்ஷில் பத்து வரிக்கு மேல் எழுதாதீர்கள். யூ-பூட்டின் சாண்ட்பொக்ஸ் வடிவத்தை மடிகணினியில் ஓடவிட்டு அந்தப் பத்து வரியையும் முதலில் சோதியுங்கள். ஆலைக் கணினி யூஇஎஃப்ஐ என்றால் சிஸ்டம்டி-பூட். சேவையகத்தில் ஃப்ரீ-பிஎஸ்டியும் இசட்எஃப்எஸ்ஸும் வைத்திருப்பவருக்கு லுவா ஏற்கனவே கையில் இருக்கிறது, மெனுவிலேயே பழைய பூட் சூழலை, அதாவது சேமித்து வைத்த பழைய முறைமையை, தெரிந்தெடுக்கலாம். அதில் மாற்றம் வேண்டுமென்றால் மற்ற லுவா கோப்புகளைத் தொடாமல் லோக்கல்.லுவா என்ற பெயரில் ஒரு கோப்பைப் பக்கத்தில் வையுங்கள். லோடர் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், அடுத்த மேம்படுத்தலில் உங்கள் வேலை அழியாது.