மசாய் மாராவில் குதிரைப் பயணம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற ஆகஸ்ட் மாதம், கென்யாவின் மசாய் மாராப் பகுதியில் வனவிலங்குகளுக்கு நடுவே நான்கு நாள் குதிரைப் பயணம் என்ற விளம்பரத்தை நம்பி நானும் என் மனைவியின் தம்பியும் பணம் கட்டினோம். இரண்டாம் நாள் மாலை அவர் காறை எலும்பு முறிந்து நரோக் நகர மருத்துவமனையில் படுத்திருந்தார்; பயணம் அத்தோடு முடிந்தது. நடத்தியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். பெயரைச் சொல்லியும் பயன் இராது என்பது மற்றொன்று.

நான் நைரோபியில் ஆறு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கைப் பணியில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் காரென் பகுதியில் ஒரு நிலையத்தில் குதிரையேற்றம் பயின்று வருகிறேன். பாய்ச்சலில் விழாமல் இருக்கத் தெரியும், அதற்கு மேல் பெருமை பேச ஒன்றுமில்லை. மைத்துனர் திருப்பூரில் பனியன் தொழில் செய்பவர், எடை 98 கிலோ. அவருடைய குதிரை அனுபவம் முழுவதும் மெரினாக் கடற்கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திச் சென்ற சவாரியோடு முடிந்தது.

இந்தப் பயணத்தில் அப்படி என்ன ஈர்ப்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியில் போகும்போது என்ஜின் ஒலிக்கும் டீசல் வாடைக்கும் அப்பால்தான் விலங்குகள் நிற்கும். குதிரையில் போகும்போதோ, மனித உருவமும் வாடையும் குதிரையினுடையவற்றில் கரைந்துவிடுவதால், வரிக்குதிரையும் டோப்பி மானும் ஒட்டகச்சிவிங்கியும் நம்மை இன்னொரு மேயும் விலங்காகவே எண்ணி, சில அடி தொலைவு வரை விலகாமல் நிற்கும். முதல் நாள் காலையில் அரை மணி நேரம் எங்களுக்கும் அது வாய்த்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இதே காரணத்தால் சிங்கத்தின் கண்ணுக்கும் நாம் மேயும் விலங்குதான். அதனால் சிங்கம் எதிர்ப்பட்டால் குதிரைகள் ஓடக் கூடாது. நெருங்கி நின்று அதை நேராகப் பார்க்க வேண்டும். வழிகாட்டி நீண்ட சவுக்கைச் சொடுக்கி வெடியோசை எழுப்பி அதை விலக்குவார். யானையோ காட்டெருமையோ துரத்தினால் நிலைமை நேர் எதிர். வழிகாட்டி சொன்ன கணத்தில் மேடு பள்ளம் பாராமல் நாலுகால் பாய்ச்சலில் விலக வேண்டும். எப்போது நிற்பது, எப்போது ஓடுவது என்று அறிந்த வழிகாட்டியும், சொன்னதைச் செய்யப் பழகிய குதிரையும், அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கத் தெரிந்த ஆளும் ஒன்றாக அமைந்தால்தான் இது பயணம்.

இதனால்தான் முறையாக நடத்துவோர் முன்பதிவுக்கு முன்பே நம்மைக் குடைந்து எடுக்கிறார்கள். நான் முதலில் அணுகிய இரண்டு நிறுவனங்களும் உயரம், எடை, வயது, எத்தனை ஆண்டுப் பயிற்சி, தொடர்ந்து எத்தனை மணி நேரம் சேணத்தில் அமர முடியும், சமநிலமில்லாத வெளியில் பாய்ச்சலில் போயிருக்கிறீர்களா என்று ஒரு படிவம் நிறையக் கேட்டன. ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் சவாரி. எடை வரம்பு ஒன்றில் 90 கிலோ, மற்றொன்றில் 95. முதல் நாள் சோதனைச் சவாரியில் தேறாதவரைக் குதிரையில் அனுப்ப மாட்டோம், வண்டியில்தான் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மைத்துனரைப் பற்றிச் சொன்னதும் இருவரும் மறுத்துவிட்டனர். விருந்தினரை இப்படி அவமதிக்கிறார்களே என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கோபத்துக்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

மூன்றாவதாகக் கிடைத்தவர் எதையும் கேட்கவில்லை. எடையைச் சொன்னேன்: "ஹகுனா ஷிடா". பழக்கமில்லை என்றேன்: "ஹகுனா ஷிடா". சிக்கலே இல்லை என்று சுவாஹிலியில் பொருள். கென்யாவில் வாழ்பவர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கும் சொல். மாரா தேசியக் காப்பகத்துக்கு உள்ளேயே, வில்டெபீஸ்ட் என்ற பெரிய மானினத்தின் மந்தைகளின் ஊடே குதிரையில் போகலாமா என்று கேட்டேன். அதற்கும் அதே விடைதான். உண்மையில், நெடுங்காலமாக இத்தொழிலில் இருப்பவர்கள் காப்பகத்தைச் சுற்றியுள்ள காப்புநிலங்களில்தான் குதிரைகளை ஓட்டுகிறார்கள். காப்பகத்துக்குள் வண்டியில் அழைத்துப் போகிறார்கள். 2010-இல் தொடங்கிய நபோய்ஷோ போன்ற காப்புநிலங்கள் மசாய் நில உரிமையாளர்களிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. அங்கே வண்டிகளின் எண்ணிக்கைக்கே கட்டுப்பாடு உண்டு, குதிரைக்குத் தனி அனுமதி வேண்டும். நைரோபியில் எந்த நண்பரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

கட்டணக் கணக்கைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நான்கு நாளுக்கு ஆளுக்கு 1,150 டாலர். தங்குமிடம், உணவு, குதிரை, நைரோபியிலிருந்து வண்டி, மூன்று நாள் காப்பக நுழைவுக் கட்டணம், ஆகாய மீட்புக் காப்பு எல்லாம் அடக்கம் என்று விலைப்பட்டியலில் இருந்தது. 2024 முதல், ஜூலை தொடங்கி டிசம்பர் வரை, மாரா காப்பகத்துக்கு வெளிநாட்டுப் பயணி ஒருவர் கட்ட வேண்டியது நாளொன்றுக்கு 200 டாலர். அதுவும் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான். இங்கே வசிக்கும் எனக்குக் கட்டணம் குறைவு. மைத்துனருக்கு மூன்று நாளுக்கு 600 டாலர் போய்விடும். மீதி 550 டாலரில் நான்கு நாளைக்கு ஒரு மனிதருக்கும் ஒரு குதிரைக்கும் சோறு போட்டு, கூடாரமும் வண்டியும் கொடுத்து, லாபமும் பார்க்க யாராலும் முடியாது. பிறருடைய கணக்கில் இத்தகைய ஓட்டையைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிடுவது என் தொழில். நல்ல நிறுவனங்கள் ஓர் இரவுக்கே ஐந்நூறு டாலருக்கு மேல் கேட்டிருந்ததால், மலிவு என் கண்ணை மறைத்துவிட்டது.

பணத்தை எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை மூலம் ஒரு தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். நிறுவனங்களுக்கு எம்-பெசாவில் தனியே வணிக எண் உண்டு; பெட்டிக் கடைக்காரரும் அதை வைத்திருக்கிறார். வங்கிக் கணக்கில் சிறு சிக்கல், இந்த மாதம் மட்டும் இப்படி என்றார். பாதிப் பணம் முன்பணமாகவும், புறப்படுவதற்கு முந்தைய நாள் மீதியும் அனுப்பினேன்.

நைரோபியிலிருந்து நரோக் வழியாக ஐந்து மணி நேரம் பயணம் செய்து சேர்ந்த இடம், செக்கெனானி வாயிலுக்கு வெளியே, கம்பி வேலியிட்ட மனைகளுக்கு நடுவே மூன்று கூடாரங்கள். குதிரைகள் நான்கு. அவற்றைப் பார்த்தவுடனே நான் திரும்பியிருக்க வேண்டும். விலா எலும்புகளை எண்ணலாம். என் குதிரைக்குத் தோள்மேட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சேணப் புண், அதன் மேல் மடித்த சாக்கு, சாக்கின் மேல் சேணம். காதுமடலுக்குள் உண்ணிகள். நான் பயிலும் நிலையத்தில், உண்ணிக் காய்ச்சலுக்கு அஞ்சி, குதிரைக்காரர் ஒவ்வொரு காலையிலும் வெப்பமானி வைத்துப் பார்ப்பார். கென்யாவில் குதிரைக்காரரை 'சைஸ்' என்கிறார்கள். இங்கே சைஸ் என்று யாரும் இல்லை. மைத்துனருக்குக் கொடுத்த குதிரையின் வயிற்றுவார் அறுந்து, கற்றாழை நார்க்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. "மாமா, இது என்னைத் தாங்குமா, இல்லை நான் இதைத் தாங்கணுமா?" என்று அவர் சிரித்தார். தலைக்கவசம் ஒன்றில் பட்டையே இல்லை. நான் என்னுடையதை அவருக்குக் கொடுத்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

முதல் நாள் மாட்டு மந்தைகளும் ஆட்டு மந்தைகளும் மேயும் ஊர் நிலத்தில் சுற்றினோம். ஊடே வரிக்குதிரைகள் வந்தன. முன்பு நான் சொன்ன அந்தக் காலை அரை மணி நேரம் அதுதான். இரண்டாம் நாள் ஒரு காப்புநிலத்தின் எல்லைக்குள் நுழைந்தபோது காவலர்கள் நிறுத்தி அனுமதிக் கடிதம் கேட்டார்கள். வழிகாட்டியிடம் எதுவும் இல்லை. அவர்கள் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்கள். அவர்களுள் ஒருவர் மைத்துனரின் சேணத்தைப் பார்த்து, "இவரை இறக்கி நடத்திக் கூட்டிப் போங்கள்" என்று சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. வழிகாட்டி கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

திரும்பும் வழியில் வறண்ட ஓடை ஒன்று குறுக்கிட்டது. இங்கே அதை 'லுகா' என்பார்கள். கரையெங்கும் அடர்ந்த புதர். பகல் வெயிலில் கிழட்டுக் காட்டெருமைகள் தனியே படுத்திருக்கும் இடம் அதுதான் என்பதால், அறிந்தவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் ஒருவர் முன்னே போய்ப் பார்ப்பார், மற்றவர் பின்னே வருவார். எங்களுக்கு ஒருவர்தான். புதருக்குள்ளிருந்து ஓர் உறுமலும் கிளை முறியும் ஓசையும் கேட்டன. கருத்த முதுகு ஒன்றைப் பார்த்தேன். வழிகாட்டி ஏதோ கத்திவிட்டுத் தன் குதிரையைத் தட்டி ஓடிவிட்டார். முன்குதிரை ஓடினால் பின்குதிரைகளும் ஓடுவது அவற்றின் இயல்பு. என் குதிரையை நான் பிடித்து நிறுத்துவதற்குள் நூறு அடி கடந்துவிட்டது. மைத்துனரின் குதிரை கரையேறத் தாவியபோது கயிறு அறுந்து, சேணம் பக்கவாட்டில் சுழன்றது. அவர் வலத்தோள் மண்ணில் மோத விழுந்தார். காட்டெருமை எங்கள் பக்கம் வராமல் ஓடையோடு கீழே போய்விட்டது. அதை நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வழிகாட்டியின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பையன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனை அந்த வாரம் நாள்கூலிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் அழுதுகொண்டே திரும்பி வந்தான். அவனிடம் வானொலித் தொடர்புக் கருவி இல்லை, கைபேசிக்குச் சமிக்ஞை இல்லை, முதலுதவிப் பெட்டியும் இல்லை. முகாமில் இருந்த ஒரே வண்டி, சமையல் பொருள் வாங்க நரோக் போயிருந்தது. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மசாய் முதியவர் தம் தோளில் இருந்த சிவப்புச் சால்வையை அவிழ்த்து, மைத்துனரின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். மோட்டார் சைக்கிளில் சாலை வரைக்கும், பிறகு வேறொரு முகாமின் காய்கறி வண்டியிலுமாக மருத்துவமனை போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆனது. குழிகளில் வண்டி விழும்போதெல்லாம் அவர் எழுப்பிய ஒலியை எழுத விரும்பவில்லை.

விலைப்பட்டியலில் இருந்த ஆகாய மீட்புக் காப்பு வெறும் எழுத்து. 1957 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இயங்கும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் என்ற விமான மருத்துவ மீட்புச் சேவையின் குறுகிய காலக் காப்பை எவரும் தாமே வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பெயரில் யாரும் வாங்கியிருக்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காகத் திருப்பூரிலிருந்து சென்னை கிண்டி கிங் நிலையம் வரை போய் வந்த மைத்துனர், தம் பயணக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலைப் படிக்கவில்லை. சாகச விளையாட்டுகள் என்ற தலைப்பின் கீழ் குதிரையேற்றம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. நைரோபியில் செய்த அறுவைச் சிகிச்சைச் செலவு முழுவதும் எங்கள் கைப்பணம்.

சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தில் விசாரித்தபோது, அந்தப் பெயரில் உரிமமே வழங்கப்படவில்லை என்று தெரிந்தது. கென்யாவில் பயண ஏற்பாட்டாளர் எவரும் இந்த ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; பணம் கட்டும் முன் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நரோக் காவல் நிலையத்தில் புகாரைப் பதிந்து, ஓ.பி. எண் எனப்படும் நிகழ்வுப் பதிவேட்டு எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே எந்த வழக்கும் அந்தப் பதிவேட்டு எண் இல்லாமல் நகராது, வாய்ப்பேச்சாகப் புகார் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு மாத அலைச்சலுக்குப் பின் இருபதாயிரம் ஷில்லிங் மட்டும், அதுவும் வேறொரு எண்ணிலிருந்து, திரும்ப வந்தது.

இத்தகைய பயணத்துக்குத் தயாராகிறவர்கள் பணத்துக்கு முன் காப்புநிலத்தின் அனுமதிக் கடிதத்தையும், மீட்புக் காப்பின் உறுப்பினர் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். எத்தனை வழிகாட்டிகள், கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தகுதிகளில் எது அவர்களிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். அவர்கள் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீங்கள் குதிரையேறத் தெரியாதவர் என்றால், உங்களை மறுக்கிறவர் உங்கள் உயிரைக் காக்கிறார்.

விளம்பரப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முழங்கால் அளவு வெள்ளத்தைச் சிதறடித்துக்கொண்டு குதிரைகள் பாய்கின்றன. பின்னால் ஈச்சமரத் தீவுகள், பக்கத்தில் செம்பழுப்பு நிற மான்கள் ஓடுகின்றன. மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த இரவில்தான் அதை உற்றுப் பார்த்தேன். அந்த மான் லெச்வே. கென்யாவில் எங்கும் இல்லாதது. அந்த வெள்ளம், அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் பரவும் நீர். மாராவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் எடுத்த படம். சென்ற வாரம் அதே படம், வேறொரு நிறுவனப் பெயரோடு, மாராவில் நான்கு நாள் குதிரைப் பயணம் என்று மறுபடியும் வந்திருக்கிறது. கட்டணம் மட்டும் ஐம்பது டாலர் குறைந்திருக்கிறது.