கடற்கரைக்கு எந்த ஃபிலிம் கேமரா: கைமுறை எஸ்.எல்.ஆரா, ஆட்டோமேட்டிக் காம்பாக்டா?

நாலு வருடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். ஒன்று பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை விற்பனையில் இருந்த, ஃபோகஸ் முதல் ஃபிலிம் சுற்றுவது வரை எல்லாமே கையால் செய்யவேண்டிய எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் வகை. இன்னொன்று தொண்ணூறுகளில் வந்த சின்ன ஆட்டோமேட்டிக் காம்பாக்ட். பொத்தானை அழுத்துவது மட்டும்தான் நம் வேலை. இப்போது கடல் பக்கம் போனால் கே1000 மட்டுமே என்னோடு வருகிறது.

எடையில் காம்பாக்ட்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. அந்த வகையில் பேர்போன ஒலிம்பஸ் மியூ 2 சுமார் 140 கிராம்தான். கே1000 லென்ஸ் இல்லாமலே 620 கிராம். காம்பாக்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், யார் கையில் கொடுத்தும் எடுக்கச் சொல்லலாம், ஓடி வரும் குழந்தையை அந்த நொடியிலேயே பிடிக்கலாம். இரண்டிலும் போடுவது ஒரே 35 மி.மீ. ரோல்தான், அதனால் ஃபிலிம் செலவிலும் வித்தியாசம் இல்லை. நல்ல வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு.

ஒரு முறை அலைதடுப்புச் சுவரின் மேல் நின்று காம்பாக்டில் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய அலை ஒன்றும் அடிக்கவில்லை, சாரல்தான். கைக்குட்டையால் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. உள்ளே மோட்டார் கிர்ரென்று சுற்றும் சத்தம் கேட்கிறது, லென்ஸ் அசையவில்லை. 22 படம் எடுத்த ரோல் உள்ளே மாட்டிக்கொண்டது. ரோலைத் திருப்பிச் சுற்றுவதும் அதே மின்சாரத்தை நம்பித்தானே! ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து, போர்வைக்குள் வைத்து மூடியைத் திறந்து, விரலால் தடவித் தடவி ஃபிலிமைச் சுற்றி எடுத்தேன். படங்கள் பிழைத்தன. கேமரா பிழைக்கவில்லை. பிரித்துப் பார்த்த மெக்கானிக், ரிப்பன் மாதிரி மடிந்திருந்த சர்க்யூட்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்ததைக் காட்டினார். "இதுக்குப் பார்ட்ஸ் வராது சார், இதே மாடல்ல இன்னொண்ணு வாங்கிப் பிரிச்சாத்தான் உண்டு" என்றார்.

இதைக் கேமராவின் குறையாக நான் பார்க்கவில்லை. சாரலில் வந்த தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பேட்டரி மின்சாரமும் ஓடினால் செம்புத் தடங்கள் வேகமாக அரிக்கும். கெட்டுப்போவது ஒரு மில்லிமீட்டர் தடம்தான், ஆனால் ஃபோகஸ், ஷட்டர், மோட்டார் எல்லாம் அந்த ஒரு பலகையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கே1000-ஐயும் உப்பு விடாதுதான். ஆனால் அது சொல்லிவிட்டுக் கெடும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது கரகரவென்றால் மணல் போயிருக்கிறது. ஒரு நொடிக்கு வைத்த ஷட்டர் ஒன்றரை நொடி இழுத்தால் பழைய எண்ணெய் கெட்டியாகிவிட்டது. இரண்டுமே, கை பழகிய மெக்கானிக் பிரித்துத் துடைத்து, எண்ணெயும் கிரீஸும் புதிதாகப் போட்டால் சரியாகிற விஷயங்கள். ஒரே ஒரு எல்.ஆர்.44 பேட்டரிதான், அதுவும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். வெயிலில் மீட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம்: ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 200 ஃபிலிம் என்றால் ஷட்டர் 1/250 நொடி, லென்ஸ் துளை எஃப்/16. வெள்ளை மணல் பளபளக்கிற இடத்தில் துளையை இன்னும் சின்னதாக்கி எஃப்/22.

அறைக்குத் திரும்பியதும் நான் செய்வது இதுதான். ஊதுகுழாயால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் முழுக்கத் துடைப்பேன். முதலிலேயே காய்ந்த துணியால் துடைத்தால் உப்பையும் மணலையும் தேய்த்ததாகிவிடும். அப்புறம் காய்ந்த துணி, அப்புறம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா. லென்ஸ் மேல் யு.வி. ஃபில்டர் எப்போதும் இருக்கும், அதனால் கண்ணாடியைப் பற்றிக் கவலை இல்லை. லென்ஸ் கழற்றுவது மட்டும் மணலில் கூடவே கூடாது. பின்மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது ஷட்டர் துணியை விரலால் தொடவும் கூடாது.

வீட்டில்? இங்கே காம்பாக்டுக்கு உப்புப் பயம் இல்லை, அதனால் போட்டி கொஞ்சம் நெருக்கம். விருந்து, பிறந்தநாள் என்றால் அதன் ஃப்ளாஷ்தான் வசதி. ஆனால் எனக்குப் பிடித்தது ஜன்னலோர வெளிச்சம். காம்பாக்ட் அங்கே தானாக ஃப்ளாஷ் அடித்து அதைக் கெடுக்கும். நான் வைத்திருந்ததில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃப்ளாஷை அணைக்கவேண்டும். கே1000-இல் ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமான இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் போட்டு, குறைந்த வெளிச்சத்துக்காக ஐ.எஸ்.ஓ. டயலில் 1600 வைத்து, வீட்டிலேயே ஐ.டி.-11 டெவலப்பரில் கழுவுகிறேன். மேற்கொண்டு தண்ணீர் கலக்காத கரைசலில், 20 டிகிரி செல்சியஸில், 400 வைத்து எடுத்ததற்கு ஏழரை நிமிடம், 1600 வைத்து எடுத்ததற்கு 14 நிமிடம். காம்பாக்டோ, ரோலின் மேல் அதன் ஐ.எஸ்.ஓ.வைச் சொல்லும் டி.எக்ஸ். குறியைப் படித்து 400 என்றே எடுத்துக்கொள்ளும். அந்தக் குறியைச் சுரண்டியோ டேப் ஒட்டியோ ஏமாற்றவேண்டும்.

தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறவர்களுக்கு 1984-இல் வந்த நிக்கோனோஸ் 5 தனி ரகம், 50 மீட்டர் ஆழம் வரை தாங்கும். நான் முழங்கால் தண்ணீரைத் தாண்டியதில்லை. ஒரு நண்பருடையதை ஒரு ரோல் எடுத்துப் பார்த்ததோடு சரி. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை அவர் எவ்வளவு பொறுமையாகத் துடைத்து கிரீஸ் போடுவார் என்று பார்த்திருக்கிறேன், அதனால் அதுவும் பராமரிப்பு கேட்கிற கேமராதான் என்பது மட்டும் தெரியும்.

பழைய எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறீர்கள் என்றால், பேட்டரி மூடியைக் கழற்றிப் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்திக் காது கொடுங்கள். பின்மூடி பொருந்தும் பள்ளத்தில் விரலை வையுங்கள். ஒளி புகாமல் தடுக்கும் ஸ்பான்ஜ் தார் மாதிரி ஒட்டினால் பயப்படவேண்டாம், அந்தக் காலத்துக் கேமராக்களில் அது வழக்கம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த தீக்குச்சியால் சுரண்டி எடுத்து, புது ஸ்பான்ஜை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டினேன். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்தது.