தாய்ப்பால், பம்ப் பால், பவுடர் பால்: எது எங்கே இடறுகிறது?

பிறந்த குழந்தைக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு, எந்தப் பால் உயர்ந்தது என்ற வாதமாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பிற உணவுகளோடு 2 வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் நள்ளிரவில் கைக்குழந்தையோடு விழித்திருப்பவர்களுக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி, பால் கொடுக்கும் ஒவ்வொரு வழியும் எந்த இடத்தில் தவறும், தவறினால் அது நம் கண்ணில் படுமா என்பதுதான்.

நேரடியாகப் பாலூட்டும்போது கலக்கவும் சூடாக்கவும் கழுவவும் ஒன்றுமில்லை. முதல் சில நாள்களில் சுரக்கும் சீம்பால் அளவில் மிகக் குறைவு. ஆனால் தாயின் உடல் உருவாக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதில் செறிந்திருக்கின்றன, அவை பவுடர் பாலில் கிடையா. இந்த முறையின் பலவீனம், குழந்தை எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் இருப்பது. குழந்தை அழும்போதெல்லாம் 'பால் போதவில்லை' என்று யாராவது சொல்லிவிடுவார்கள்; அழுகையை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. ஐந்தாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 6 முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, பிறந்தபின் சற்றுக் குறைந்த எடை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவுகோல். பிறந்தபோதிருந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கிக் குறைந்தால் மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும்.

பால் குறைவதாகத் தோன்றும்போது முதலில் கவனிக்க வேண்டியது குழந்தையின் வாய். காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் கவ்வியிருக்க வேண்டும்; கீழுதடு வெளிப்புறம் மடங்கி, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். தொடக்கத்தின் வேகமான சப்பல் சிறிது நேரத்தில் நிதானமாகி, விழுங்கும் ஓசை மெல்லக் கேட்கத் தொடங்கும். குழந்தை விடும்போது காம்பு நசுங்கிச் சப்பையாக இருந்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். பெரும்பாலான காம்பு வெடிப்புகளும், பால் கட்டிக்கொள்ளும் தொல்லையில் ஒரு பகுதியும் இங்கேதான் தொடங்குகின்றன.

பம்ப் வைத்து எடுத்துக் கொடுப்பதிலும் குழந்தை பெறுவது தாய்ப்பால்தான். அளவும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த மில்லிலிட்டர் கணக்கே ஏமாற்றக்கூடியது: பம்ப் இழுக்கும் அளவு வேறு, நன்றாகக் குடிக்கும் குழந்தை இழுக்கும் அளவு வேறு. எடுப்பது, ஊட்டுவது, கழுவுவது என்று ஒரே வேளைக்கு மூன்று வேலைகள் சேர்வதால் முதலில் சோர்வது தாய்தான். இரவில் எடுக்காமல் விட்டுக்கொண்டே வந்தால் சுரப்பும் சரிந்துவிடும். எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள்களும் தாங்கும். சப்பும் வலு இல்லாத குறைமாதக் குழந்தைக்கும் வேலைக்குத் திரும்பும் தாய்க்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. மற்றவர்கள் முழுநேர முறையாக இதைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிப்பது நல்லது.

பவுடர் பாலில் குழந்தை நன்றாகவே வளரும், அதில் சந்தேகமில்லை. யார் வேண்டுமானாலும் ஊட்டலாம் என்பதால் தாய்க்குத் தூக்கமாவது கிடைக்கும். இங்கே தவறு நடப்பது கலக்கும் கையில். பவுடர் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பொருள் அன்று; அரிதாக அதில் இருக்கக்கூடிய குரோனோபாக்டர் என்ற கிருமி பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்தை உண்டாக்க வல்லது. அதனால்தான் கொதிக்கவைத்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன்பே பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். புட்டியில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். முதலில் நீர், பிறகு அந்த டப்பாவோடு வந்த கரண்டியில் தலைதட்டி அளந்த பவுடர் என்ற வரிசையும் மாறக்கூடாது. டப்பா நீண்ட நாள் வரட்டும் என்று நீரைக் கூட்டினால் ஊட்டம் குறைவதோடு, இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்பு வரை போகலாம். பவுடருக்குப் பதிலாகப் பசும்பால் என்ற மாற்று முதல் ஓராண்டுக்குக் கணக்கிலேயே வராது. விலை கூடிய டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் பெருமைகளைப் பார்த்து வாங்குவதும் வீண்செலவு என்பேன். இந்த வகை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தத்தான் 1981-இலேயே தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான சர்வதேச விதித்தொகுப்பு வந்தது.

பாலிலுள்ள சர்க்கரையை உடலால் கையாள முடியாத கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடு குழந்தைக்கு இருந்தால் தாய்ப்பாலே கூடாது, அதற்கென உள்ள சிறப்புப் பால்தான். குறைமாதக் குழந்தைக்குத் தாயின் பால் கிடைக்காதபோது, 62.5 டிகிரியில் 30 நிமிடம் பதப்படுத்திய கொடைப்பால் (பிற தாய்மார் தானமாகத் தரும் பால்) பவுடரைவிட மேல்.

நடைமுறையில் பல வீடுகள் வந்து நிற்பது நேரடிப் பாலூட்டலும் புட்டிப்பாலும் கலந்த வழியில். அதில் வரிசைதான் முக்கியம்: முதலில் இரு மார்பிலும் குடிக்கவிட்டு, தேவையான அளவு மட்டும் பிறகு புட்டியிலோ கிண்ணத்திலோ கொடுக்க வேண்டும். பால் எடுக்காமல் புட்டியால் கழியும் ஒவ்வொரு வேளையும் சுரப்பைக் குறைக்கும். எடை இறங்கிய குழந்தைக்குக் கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால் அதைத் தள்ளிப்போடவும் கூடாது. எடை சீராக ஏறத் தொடங்கியதும், வாராவாரம் நிறுத்துப் பார்த்தபடி, மேலே கொடுக்கும் அளவை மருத்துவரின் ஆலோசனையோடு கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து வரலாம்.