கடைத்தெருவில் இறங்கி நடக்க: மூன்று திருகாணிக் கிளீட்டா, இரண்டா, வெறும் பெடலா?

காலையில் நிலாவெளி வரை ஒரு நீண்ட சைக்கிள் ஓட்டம். திரும்பும் வழியில் சந்தையில் மரக்கறி, பேக்கரியில் பாண், வங்கியில் ஒரு வேலை. திருகோணமலையில் இப்படி ஓட்டத்தையும் வீட்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடிப்பவர், கிளிப்லெஸ் சப்பாத்தை (அடியில் பூட்டிய ‘கிளீட்’ என்ற சிறு கட்டை பெடலில் மாட்டிக்கொள்ளும் சப்பாத்து) தெரிவு செய்யும்போது பெடலில் அது எப்படிப் பிடிக்கிறது என்பதோடு தரையில் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிளீட்டைச் சப்பாத்தில் மூன்று திருகாணியால் பூட்டும் வகையை (லுக் கியோ, சிமானோ எஸ்பிடி-எஸ்எல்) முதலில் எடுப்போம். லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டுகளின் நுட்பத்தைக் கொண்டு 1984இல் இந்த வகைப் பெடலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். பந்தயக்காரருக்குச் செய்தது என்பதால் நடப்பது அதன் கணக்கிலேயே இல்லை. அகலமான பிளாஸ்ரிக் கிளீட் முன்பாதத்தின் கீழே துருத்தி நிற்கும். குதி தாழ்ந்து விரல் பக்கம் உயர்வதால் கெண்டைக்கால் இழுபடும். மீன் சந்தையின் ஈரச் சீமெந்திலும் வங்கியின் வழுவழுப்பான தரையிலும் வழுக்கும். வழுக்கலை விடப் பெரிய கேடு தேய்வுதான். வீதியில் நடக்க நடக்கக் கிளீட்டின் முன்மூக்கு மழுங்கும். மழுங்கிய கிளீட் மாட்டிக்கொண்டது போலத் தோன்றும், எழுந்து நின்று மிதிக்கும்போது திடீரெனக் கழன்றுவிடும்.

இதற்கு மாற்று, நடக்கும்போது கிளீட்டின் மேல் மாட்டும் ரப்பர் உறை. வழுக்கலும் தேய்வும் குறையும், ஆனால் சப்பாத்தின் அடி வளையாத குறை அப்படியே இருக்கும். கடற்கரை மணல் உறைக்குள் புகுந்தால் கிளீட்டை அதுவே அராவும், ஆகவே போடுமுன் இரண்டையும் தட்டித் துடைக்க வேண்டும். ஒரு கடைக்கு உறை போதும். நான்கு கடை ஏறி இறங்குபவர் இரண்டாவது கடையிலேயே அதைப் போடாமல் விட்டுவிடுவார். அப்படியானால் பையில் ஒரு சோடி பாட்டாச் செருப்பு வைத்திருப்பது மேல்.

இரண்டு திருகாணி எஸ்பிடி வேறு தேவைக்காகப் பிறந்தது. சிமானோ அதை 1990இல் மலைச்சைக்கிளுக்காகக் கொண்டுவந்தது. சேற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவருக்கான ஏற்பாடு அது. சிறிய உலோகக் கிளீட் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்காரும். தரையைத் தொடுவது ரப்பர் மட்டுமே. கடைத்தெரு வேலைக்கு எங்கள் தெரிவு இதுதான்.

ஆனாலும் எல்லா எஸ்பிடி சப்பாத்தும் நடக்க உதவாது. பந்தய மலைச்சைக்கிள் சப்பாத்தின் அடி பலகை போல விறைத்திருக்கும். கடையில் சப்பாத்தை எடுத்து முனையைக் கையால் மடக்கிப் பாருங்கள். விரல் பகுதி வளைய வேண்டும், கிளீட் பகுதி வளையக் கூடாது. பிறகு போட்டுக்கொண்டு படி ஏறிப் பாருங்கள். குதி மேலெழுந்தால் அன்றைக்கே கொப்புளம் வரும். நடக்கும்போது முன்பட்டியைத் தளர்த்தி, கணுக்கால் பக்கத்துப் பட்டியை இறுக்கமாக விடுவது நல்லது.

கிளீட்டைக் குதிப் பக்கமாகச் சில மில்லிமீற்றர் பின்தள்ளிப் பூட்டினால் சப்பாத்து வளையும் இடம் தடையின்றி இருக்கும். நடக்கும்போது உலோகம் நறநறவென்று தரையில் உரசினால் ரப்பர் தேய்ந்துவிட்டது அல்லது கிளீட்டுக்கு அடியில் தேவையில்லாத தகடு இருக்கிறது என்று பொருள். முச்சக்கர வண்டிகளுக்கிடையே அடிக்கடி நிற்பவர் சிமானோவின் எஸ்எச்51 கிளீட்டுக்குப் பதில் எஸ்எச்56 போடலாம். முன்னது குதியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். பின்னது பல திசைகளில் கழலும், அதனால் காலை மேலே பலமாக இழுத்து மிதிக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

இதே கிளீட் பூட்டும் செருப்பு வகையும் உண்டு. மாரி மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். கோணேசர் கோயில் வாசலிலும் தெரிந்தவர் வீட்டுப் படியிலும் பட்டியை இழுத்தால் கழற்றிவிடலாம். சிறுகல் உள்ளே புகும், விரல்களுக்குக் காப்பு குறைவு. எங்கள் வெயிலுக்கு அந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வெறும் பெடலும் இருக்கிறது. ஊருக்குள் ஐந்து கிலோமீற்றருக்குள் முடியும் வேலைக்குக் கிளீட்டே வேண்டாம். ஊசிமுனை உள்ள பெடலும் குதிப்பட்டி வைத்த செருப்பும் போதும். பட்டியில்லாத ரப்பர் செருப்பு மழையில் நழுவும், அப்போது ஊசி முழந்தாளுக்குக் கீழே கிழிக்கும். ஒரே சைக்கிளில் இரண்டும் வேண்டுமென்றால் சிமானோ இஎச்500 போன்ற இருபக்கப் பெடல் நல்லது. ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டை. ஏறும்போது சரியான பக்கத்தைக் காலால் புரட்ட ஒரு நொடி ஆகும்.

இரண்டு திருகாணி வகைக்கு எங்கள் கடற்கரையில் ஒரு பராமரிப்பு கட்டாயம். உப்புக்காற்றில் திருகாணி இறுகித் துருப்பிடிக்கும். பூட்டும்போதே புரியில் கிறீஸ் பூசி, 4 மில்லிமீற்றர் அலன் கீயால் 5 முதல் 6 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். திருகாணித் தலையின் குழியில் மணல் இறுகினால் சாவி முழுதாக உட்காராமல் விளிம்பை மழுக்கிவிடும். குழியில் மெழுகுதிரி மெழுகை உருக்கி விட்டால் மணல் சேராது. கழற்ற வேண்டிய நாளில் ஊசியால் கிண்டி எடுத்துவிட்டுச் சாவியை நன்றாக அழுத்திப் போடுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை முழுதாகக் கழற்றித் துடைத்து, புதுக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். கழற்றுமுன் கிளீட்டைச் சுற்றி அடியில் மார்க்கரால் கோடு போட்டால் பழைய இடம் தப்பாது.